புன்னகை மாறாத மக்கள்

ஸ்டேஷன் கடிகாரத்தின் நொடி முள் பன்னிரண்டுக்கு நேரே நின்றபடி துடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் மூட்டையாருக்கு உள்ளூர ஒரு திருப்தி. அயல்நாட்டு ஊர் ஒன்றில் கால் வைத்த முதல் நிமிடத்திலேயே குறைசொல்ல ஏதாவது கிடைத்துவிட்டால் அவருக்குப் பயண அலுப்பு பாதி இறங்கிவிடும். 'ஒரு பேட்டரி மாற்ற ஆளில்லை, பேச்சு மட்டும் முன்னேறிய நாடு' என்று மனதுக்குள் ஒரு குட்டு வைத்துவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்டேஷன் கடிகாரத்தைப் போலவே அதிலும் ஐந்து நாற்பது. நேரம் சரியாக இருந்தது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மூட்டையார் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். நாற்பத்தேழு வயதில், முழங்காலுக்கு உறை மாட்டிக்கொண்டு, கல்லூரிப் பிள்ளைகள் சுமக்கிற பதினான்கு கிலோ முதுகுப்பையோடு நாடு நாடாகப் போய், ஒரு வாரப் பத்திரிகையில் 'முதல் பார்வை' என்ற பத்தியை எழுதிவந்தார். இது ஐம்பத்திரண்டாவது ஊர். யாராவது அவரைச் சுற்றுலாப் பயணி என்று சொல்லிவிட்டால் முகம் சுண்டிவிடும். கொடி பிடித்தவன் பின்னால் மந்தையாகப் போகிறார்களே, அவர்கள்தான் சுற்றுலாப் பயணிகள். அவர்கள் ஊரைப் படம் பிடிக்கிறவர்கள். இவர் ஊரின் ஆன்மாவைப் பிடிக்கிறவர்.

ஆன்மாவைப் பிடிக்க அவர் கண்டுபிடித்திருந்த வழி எளிமையானது. ஊர் போய்ச் சேர்வதற்கு முன்பே கட்டுரையை எழுதி அனுப்பிவிடுவார். பார்த்தபின் எழுதினால் குழப்பம்தான் மிஞ்சுகிறது என்பது அவருடைய அனுபவம். மழை பிடித்துக்கொள்ளும், செருப்பு கடிக்கும், எவனாவது முறைப்பான், நடை கெட்டுப்போகும். அதனால் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஊர் வர முக்கால் மணி நேரம் இருக்கும்போது ஆரம்பித்தால், அடித்தல் திருத்தல் இல்லாமல் முதல் பார்வை முடிந்துவிடும். இந்தத் தடவையும் கடைசிச் சுரங்கத்துக்கு முன்னால் ஆசிரியருக்கு அனுப்பியாகிவிட்டது. வழக்கம்போல மனைவிக்கும் ஒரு பிரதி. அது பாராட்டை எதிர்பார்த்து. இருபது வருஷமாக அனுப்புகிறார், இன்னும் வந்தபாடில்லை.

வெளிவாசலில் டிக்கெட் பரிசோதகர் சிரித்தார். மேல்வரிசைப் பற்கள் ஆறு தெரிய, இடது ஓரம் ஒரு நூல் உயர்ந்த சிரிப்பு. மூட்டையாரும் பதிலுக்குச் சிரித்தார். தன் சிரிப்பை மடித்து வைத்துவிட்டு நடந்தவர் பத்தடி தள்ளி எதேச்சையாகத் திரும்பினார். எதிரில் யாரும் இல்லாத வெற்று நடைமேடையைப் பார்த்தபடி பரிசோதகர் அப்படியே நின்றிருந்தார். ஆறு பற்கள். இடது ஓரம் ஒரு நூல் உயரம்.

'பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்' என்று நினைத்துக்கொண்டார்.

தெரு சதுரக் கற்கள் பதித்த தெரு. இரண்டு பக்கமும் மூன்று மாடி வீடுகள், வெயில் போன பிறகும் போகாத ஒரு மஞ்சள் வெளிச்சம், வெகுநாள் பூட்டிக்கிடந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தால் அடிக்குமே, பழைய துணியும் பூச்சியுருண்டையும் இரும்பும் கலந்து, அந்த வாசனை. மளிகைக் கடைக்காரி தராசின் மேல் கைவைத்தபடி சிரித்தாள். தையல் மெஷினுக்குப் பின்னால் ஒரு கிழவர் சிரித்தார். தள்ளுவண்டியில் படுத்திருந்த குழந்தைக்குப் பல் இல்லை. ஆனாலும் அதன் வாயின் இடது ஓரம் ஒரு நூல் உயர்ந்திருந்தது. வாகனச் சத்தம் எங்கும் இல்லை. அவருடைய பூட்ஸ் சத்தம் மட்டும், அதற்குக் கொஞ்சம் கீழே, பக்கத்து வீட்டில் ரேடியோவைத் தணித்து வைத்தது போல ஒரு முணுமுணுப்பு.

நீலக் கதவு போட்ட விடுதி ஸ்டேஷனிலிருந்து நேர்கோட்டில் ஐந்து நிமிடம். மேஜைக்குப் பின்னாலிருந்த விடுதிக்காரிக்கு ஐம்பது வயதிருக்கும். மூட்டையார் தொண்டையைச் செருமி, தம் பெருமைக்குரிய ஆங்கிலத்தில் ஆரம்பிக்க வாயைத் திறந்தார்.

"வாங்க," என்றாள் அவள். சுத்தமான தமிழ். "மாடியில ரெண்டாவது ரூம். முழங்கால் வலியோட படியேறணும், மெதுவா போங்க."

மூட்டையாருக்குத் திறந்த வாயை மூட ஒரு கணம் பிடித்தது. "உங்களுக்குத் தமிழ் எப்படி...?"

"மொழி என்னங்க பெரிய தடை? உங்க பொண்ணுக்கு இருமல் விட்டுடுச்சா?"

பேசும்போது அவள் உதடு அசைந்தது. சிரிப்பு அசையவில்லை. அதைவிட, சிரிப்புக்கு மேலே இருந்த கண்கள் இரண்டும் சிரிப்போடு ஒட்டாமல், ஏதோ தப்பான முகத்தில் மாட்டிக்கொண்டவை போல அவரையே பார்த்தன. கீழ் இமையில் நீர் தளும்பி நின்றது.

தன் பத்தியின் புகழ் இங்கேவரை வந்துவிட்டது என்றுதான் மூட்டையாருக்கு முதலில் தோன்றியது. அவருக்கு எப்போதுமே முதலில் அதுதான் தோன்றும். மகளின் இருமல் பத்தியில் வரவில்லையே என்பது படியேறும்போது உறைத்தது. அதற்குள் முழங்கால் வலி முந்திக்கொண்டது.

அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, தெருவைப் பார்த்த ஜன்னல். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சாய்ந்தார்.

விழித்தபோது ஜன்னலில் அதே மஞ்சள் வெளிச்சம். பத்து நிமிடம் கண்ணயர்ந்திருப்போம் என்று நினைத்துக் கையைத் திருப்பினார். ஐந்து நாற்பது. நொடி முள் பன்னிரண்டுக்கு நேரே துடித்துக்கொண்டிருந்தது. செல்போனிலும் ஐந்து நாற்பது. ஆனால் வயிறு ஒரு முழு ராத்திரி பட்டினி கிடந்தது போலக் குடைந்தது.

மனைவியைக் கூப்பிட்டார். அவள் ஒரு பல் மருத்துவரின் வரவேற்பறையில் டோக்கன் கொடுப்பவள். பின்னால் துளைபோடும் மெஷின் சத்தம் கேட்டது.

"பதினாறு, உள்ள போங்க... சொல்லுங்க. இறங்கினதும் போன் பண்றேன்னீங்க, ஆளையே காணோம்."

"இப்பத்தான்மா வந்தேன். சாயங்காலம்தான் ஆகுது."

"சாயங்காலமா? இங்க பகல் பதினொண்ணு. நமக்கு நாலு மணி நேரம் பின்னாடின்னு நீங்கதானே சொன்னீங்க? அங்க காலைல ஏழு இருக்கணும். தூங்கித் தொலைச்சிட்டு கதை விடாதீங்க."

மூட்டையார் ஜன்னலைப் பார்த்தார். காலையும் இல்லை, ராத்திரியும் இல்லை.

"பாப்பாவுக்கு இருமல் எப்படி?"

"நேத்து ராத்திரிதான் ஆரம்பிச்சுது. உங்களுக்கு யார் சொன்னா?" அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "உங்க கட்டுரை படிச்சேன். பாப்பாவும் படிச்சா. அப்பா எந்த ஊருக்குப் போனாலும் ஒரே ஊருக்குத்தான் போறாருன்னு சொல்றா."

"அவளுக்கு என்ன தெரியும், பத்தாங்கிளாஸ்."

"இருங்க, படிக்கிறேன். 'காலம் உறைந்து நிற்கும் ஊர் இது.' போன மாசம் வேற ஊர்ல உறைஞ்சு நின்னுது. 'தீராத அந்திப்பொழுதின் பொன்னொளி.' ஏங்க, பொழுதுன்னா தீராதா? பதினேழு, நீங்க உட்காருங்க, டாக்டர் கூப்பிடுவார். 'புன்னகை மாறாத மக்கள்.' ஐம்பத்திரண்டு ஊர்லயும் பல்லைக் காட்டிட்டே நிக்கிறாங்க, நம்ம டாக்டருக்கு நல்ல வியாபாரம்."

வழக்கமாக இந்த இடத்தில் மூட்டையாருக்குக் கோபம் வரும். இப்போது வரவில்லை. ஜன்னலுக்குக் கீழே ஒரு கிழவர் கால் இடறிக் கல்தரையில் குப்புற விழுந்தார். எழுந்து உட்கார்ந்தபோது நெற்றியிலிருந்து ரத்தம் மூக்கோரமாக இறங்கி உதட்டுக்கு வந்தது. ஆறு பற்களும் சிவந்தன. இடது ஓரம் ஒரு நூல் உயர்ந்தே இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

"அப்புறம்?" என்றார்.

"அப்புறம் என்ன, பழைய பாட்டுதான். 'மொழி இங்கே தடையே இல்லை. இங்கே யாரும் அந்நியரில்லை. ஒவ்வொரு கல்லும் ஒரு கதை சொல்லும். எந்தத் தெருவில் நுழைந்தாலும் தொலைந்துபோகலாம். அந்தத் தொலைதலே ஒரு சுகம்.' வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற தபால் ஆபீஸுக்கே வழி கேட்கிற ஆளு. கடைசி வரி, 'வந்தவரை விடாத ஊர்.' அவ்வளவுதான்." மெஷின் சத்தம் நின்றது. "ஏங்க, இருக்கீங்களா?"

"எழுதினதெல்லாம் இங்க அப்படியே இருக்கு."

"எழுதிட்டுத்தானே போறீங்க. இல்லாம இருந்தாத்தானே அதிசயம்?" அவள் சிரிக்கவில்லை. அவருடைய எழுத்தைப் படித்து அவள் சிரித்ததும் இல்லை, ரசித்ததும் இல்லை. "காலாகாலத்துல எதையாவது சாப்பிடுங்க. வெக்கிறேன்."

மூட்டையார் முதுகுப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஆன்மாவைப் பிடித்தது போதும். அடுத்த ரயில் எந்தத் திசைக்குப் போனாலும் சரி.

"கிளம்பியாச்சா?" என்றாள் விடுதிக்காரி. கண் மட்டும் வேறு எதையோ சொல்ல முயன்றது. கன்னத்துச் சதை அதை இழுத்துப் பிடித்திருந்தது.

ஸ்டேஷன் நேர்கோட்டில் ஐந்து நிமிடம். தையல் கடை, மளிகைக் கடை, தள்ளுவண்டி. அடுத்து ஸ்டேஷன் வர வேண்டும். நீலக் கதவு வந்தது. மூட்டையார் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, எதிர்ப்பக்கம் நடந்தார். தையல் கடை, மளிகைக் கடை, தள்ளுவண்டி, நீலக் கதவு. ஒரு சந்தில் நுழைந்தார். அது வளைந்து, குறுகி, இரண்டு சுவர்களும் தோளை உரசி, டிரங்குப் பெட்டி வாசனை மூக்கை அடைத்து, கடைசியில் ஒரு படிக்கட்டில் இறங்கி அவரை விட்டது. எதிரே நீலக் கதவு. ஆறாவது தடவைக்கு மேல் அவர் எண்ணவில்லை. சிரிக்கிற முகங்கள் எல்லாம் அவர் போகிற திசைக்குத் திரும்பின. யாரும் தடுக்கவில்லை. அவர்களுக்கு அவசரம் இல்லை.

முணுமுணுப்பு இப்போது தெளிவாகக் கேட்டது. கீழே இருந்து வந்தது. பூட்ஸுக்கு அடியிலிருந்து.

மூட்டையார் மண்டியிட்டார். உறை மாட்டிய முழங்கால் கல்லில் மோதியது. காதைத் தரையில் வைத்தார். கல் வெதுவெதுப்பாக இருந்தது.

"இந்த ஊருக்கு வந்து இறங்கியதும் முதலில் என் கண்ணில் பட்டது..." என்றது ஓர் ஆண் குரல், தமிழில். நிறுத்தியது. மறுபடி, "இந்த ஊருக்கு வந்து இறங்கியதும் முதலில் என் கண்ணில் பட்டது..."

அடுத்த கல்லில் ஒரு பெண். தெரியாத மொழி. ஆனால் அதே இடத்தில் இழுத்து, அதே இடத்தில் நிறுத்தினாள். அந்த வாக்கியத்தை ஐம்பத்திரண்டு தடவை எழுதியவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அதற்கடுத்த கல்லில் ஒரு வயதானவர். அதற்கடுத்ததில் இன்னொருவர். தெரு முழுக்க. யாருக்கும் இரண்டாவது வரி வரவில்லை.

நீலக் கதவுக்கு முன்னால் இருந்த ஒரு கல் மட்டும் பேசவில்லை. ஓரம் தேயாத புதுக் கல். அதன் பக்கத்தில் இரண்டு குழிகள், ஈர மண்ணோடு. ஒன்று கொஞ்சம் சின்னது.

அறைக்கு ஓடி வந்து தாழ்ப்பாள் போட்டார். எழுதி வந்தது எழுதித்தான் போக வேண்டும் என்று பட்டது. நாற்காலியில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அலங்காரம் இல்லாத ஒரு வரி எழுதினார். 'நான் ரயில் ஏறி வீட்டுக்குத் திரும்பினேன்.' ஆசிரியருக்கு அனுப்பிவிட்டு உடனே போன் போட்டார். இருபது வருஷப் பழக்கம். ஒருவர் எழுத்தின் மேல் இன்னொருவருக்கு மரியாதை இல்லை, அதனால் நட்பு நிலைத்திருந்தது.

"என்னய்யா இது, ரயில் ஏறி வீட்டுக்குத் திரும்பினேன்னு?" என்றார் ஆசிரியர். "ஐந்தாம் வகுப்பு கட்டுரையா?"

"கடைசி வரிக்குப் பதிலா அதைப் போடு. கேள்வி கேட்காத."

"எங்க போடுறது? மணி ஆறரை. அச்சாகிக் கடைக்கே போயாச்சு. இதை வேணா அடுத்த வாரம்... இல்ல, அடுத்த வாரம் பல் பாதுகாப்புச் சிறப்பிதழ், உனக்கு இடம் இல்ல."

"அச்சாயிடுச்சா? நான் எழுதினது அப்படியேவா?"

"அப்படியே போட எனக்கென்ன பைத்தியமா. முடிவு சப்புன்னு இருந்துச்சு. தனியா ஒரு ஆம்பளை ஊர் ஊரா சுத்துறது நல்லாயில்ல, குடும்பம் இல்லையான்னு வாசகிகள் கேட்கிறாங்கய்யா. அதனால நானே கடைசியில ஒரு வரி சேர்த்தேன். உன் நடையிலேயே."

"என்ன வரி?"

ஆசிரியர் குரலைக் கனமாக்கிக்கொண்டு படித்தார். "'பொழுது சாய்வதற்குள் என் மனைவியும் மகளும் என்னோடு வந்து சேர்ந்துகொண்டார்கள்.' எப்படி?"

ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். சாயாத பொழுது.

இரண்டு குழிகள். ஒன்று கொஞ்சம் சின்னது.

போனை வைத்துவிட்டு வீட்டைக் கூப்பிட்டார். விரல் இரண்டு தடவை தப்பான இடத்தில் பட்டது. மணி அடித்தது. அடித்தது. எடுத்தாள்.

"ஏம்மா, எங்க இருக்க?"

"வீட்லதான். என்ன இப்படி மூச்சு வாங்குது?"

"பாப்பா?"

"ட்யூஷன்லேர்ந்து வந்து உட்கார்ந்திருக்கா. இருமிட்டிருக்கா பாருங்க." இருமல் கேட்டது.

"மணி என்ன?"

"அஞ்சு நாப்பது. இல்லையே... அப்பவும் அஞ்சு நாப்பதுதான் இருந்துச்சு. சுவர்க் கடிகாரத்துல பேட்டரி போயிடுச்சு போல, நொடி முள் நின்ன இடத்துல நின்னு துடிக்குது." அவள் குரல் நகர்ந்தது. ஜன்னல் பக்கம் போகிறாள். "வெளிய வெளிச்சத்தைப் பாருங்களேன். மஞ்சளா, என்னவோ மாதிரி."

"கதவைத் திறக்காத. யார் தட்டினாலும் திறக்காத. நான் சொல்றதைக் கேளு. ஒரே ஒரு தடவை நான் சொல்றதை..."

"யாரோ தட்டுறாங்க, இருங்க."

"திறக்காத."

"பாப்பா, யாருன்னு பாரு."

செருப்பின் ஒரு கால் தரையில் இழுபடும் ஓசை. மகளின் நடை அது. இடது செருப்பை எப்போதும் தேய்த்து நடப்பாள். திட்டிக்கொண்டே இருப்பார். தாழ்ப்பாள். கீல். தூரத்தில் மகளின் குரல்.

"அம்மா, ஒரு பாட்டிம்மா. சிரிச்சிட்டே நிக்கிறாங்க. நம்மளத் தெரியுமாம்."

"யாரு..." என்றாள் மனைவி. அதற்கு மேல் இல்லை. இருமல் பாதியில் நின்றது.

போன் துண்டிக்கப்படவில்லை. அதில் ஒரு முணுமுணுப்பு மட்டும் இருந்தது.

மூட்டையார் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. ஐந்து நாற்பதாகவே இருந்தது.

கீழே நீலக் கதவு திறந்தது.

படிக்கட்டு. இரண்டு ஜோடிக் காலடிகள். ஒன்று அளந்து வைப்பது. இன்னொன்றில், இடது செருப்பு. தேய்ந்தது. தேய்ந்தது. முதல் மாடி.

டிரங்குப் பெட்டி வாசனை கதவிடுக்கு வழியாக வந்தது.

இரண்டாவது ரூம்.

தாழ்ப்பாள் தானாக விலகியது. யாரும் அந்நியரில்லாத ஊரில் தாழ்ப்பாள் எதற்கு?

வாசலில் இருவரும் நின்றார்கள். மகள் பள்ளிச் சீருடையில், கையில் மூடி போடாத பேனாவோடு. மனைவி வீட்டுப் புடவையில். ஆறு பற்கள். ஆறு பற்கள். இடது ஓரம். அந்தச் சிரிப்புக்கு மேலே, அவர் இருபது வருஷமாகப் பார்த்த கண்கள், அகல விரிந்து, நீர் நிறைந்து, அவரையே பற்றிக்கொண்டு கெஞ்சின.

கெஞ்சுகிற கண்களுக்குக் கீழே உதடு அசைந்தது.

"நல்லா எழுதியிருக்கீங்க," என்றாள் மனைவி.

மூட்டையாரின் இடது கன்னம் மெல்ல, ஒரு நூல் அளவு, மேலே ஏறியது.